வில்ஃப் டட்டன் சொல்ல வந்தது

கேம்பிரிட்ஜில் ஆற்றங்கரைச் சந்துக்குள் இருக்கிறது 'வெள்ளை நாரை'. முந்நூறு வருஷத்து மதுக்கடை. உயரமான ஆள் உத்தரத்தில் தலை இடிக்காமல் உள்ளே போக முடியாது. இரண்டாம் உலகப் போர் முடிந்த வருஷங்களில் அங்கே பீர் ஊற்றியவர் வில்ஃப் டட்டன். கடைக்காரரின் மகள் ஐவியைக் கட்டிக்கொண்டு மாமனார் கடைக்கே வந்து சேர்ந்தவர்.

வில்ஃபுக்குத் திக்குவாய். 'ப' வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், சொல் வராது. சிறு வயதில் வாத்தியார் அதைப் பிரம்பால் சரிசெய்யப் பார்த்தார். பிறகு 'ம'வும் போயிற்று. கல்யாணத்தில் பாதிரியார் முன்னால் அவர் சொல்ல வேண்டியதை ஐவிதான் முடித்து வைத்தாள். தேவாலயமே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

படகுப் பந்தய மாணவர்களுக்கு அவர்தான் பொழுதுபோக்கு. ஜூலியன் ஃபெர்மோர் என்பவன் அவர்களுக்குத் தலைவன்.

"வில்ஃப், இன்னைக்கு என்னென்ன இருக்கு? வரிசையாச் சொல்லு பாப்போம்."

"ப்... ப்... பிட்..."

"டேய், யாரும் எடுத்துக் குடுக்காதீங்கடா. மனுஷன் சொந்தமாச் சொல்லட்டும்!"

பிட்டர், போர்ட்டர், பேல் ஏல். பீர் வகை எல்லாமே 'ப'. உள்ளே போய் வில்ஃப் முகம் கழுவிக்கொள்வார். "விடுய்யா, வயசுப் பசங்க. அவனுங்க வரலைன்னா இங்க ஈதான் ஓட்டணும்" என்பாள் ஐவி.

ஒரு மே மாதப் பிற்பகல். புதுப் பீப்பாய்கள் வந்திருந்தன. நிலவறைக்குள் இறக்குவதற்காக கடைக்குள் நடைவழியில் இருந்த தரைக்கதவைத் திறந்து வைத்துவிட்டு, வில்ஃப் கயிறு எடுக்க பீர் ஊற்றும் மேடைக்குப் பின்னால் போனார். அந்நேரம் பார்த்து ஜூலியன் நண்பர்களோடு நுழைந்தான். அவர்கள் வாசலிலேயே நின்றார்கள். அவன் மட்டும் அவர்களுக்கு முகம் காட்டி, வில்ஃப் மாதிரி வாயைக் கோணிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வந்தான்.

வில்ஃப் பார்த்துவிட்டார். கையைத் தூக்கினார்.

"ப்... ப்... ப்..."

பள்ளம் என்று சொல்ல வந்தார். வாசலில் நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஜூலியன் தலையை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தான். அவனும் கையைத் தூக்கினான். "ப்... ப்... ப்..." என்று இன்னும் ஓர் அடி பின்னால் வைத்தான்.

கீழே கல் தரை. கழுத்து முறிந்திருந்தது.

விசாரணையில் விபத்து என்று முடித்தார்கள். ஊர் முடிக்கவில்லை. வேண்டுமென்றேதான் வில்ஃப் வாயை மூடிக்கொண்டான் என்றது. ஒருநாள் தம்ளர் துடைத்துக்கொண்டே ஐவியும் கேட்டாள்: "நெஜமாவே வாயில வரலையா? இல்ல..." சொல் முட்டி நின்ற அந்தக் கணத்தில் உள்ளுக்குள் என்ன இருந்தது என்று வில்ஃபுக்கே தெரியவில்லை.

கோடையில் ஜூலியனின் தாய் வந்தாள். கறுப்புக் கையுறை. "கடைசியா அவன் என்ன பண்ணிட்டிருந்தான்?" என்று கேட்டாள்.

"சிரிச்சிட்டே வந்தாரும்மா, பாவம்..." என்று ஐவி ஆரம்பித்தாள்.

"அவரே சொல்லட்டும்."

வில்ஃப் திக்கினார். அவள் அவசரப்படவில்லை, சொல் எடுத்துக் கொடுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவுமில்லை. பிறந்ததிலிருந்து யாரும் அவருக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. அதனாலேயே அவருக்குப் பொய் வரவில்லை.

"என்னைய மாதிரி... ப்... பேசிக் காட்டிட்டிருந்தாரும்மா. எச்சரிக்கத்தான் ப்... பாத்தேன். அதையும் செஞ்சு காட்டினாரு."

அவள் முழுவதையும் கேட்டாள். எழுந்து போனாள்.

"பெத்தவகிட்ட ஒரு பொய் சொன்னா என்னய்யா? இதுக்கு மட்டும் வாய் வந்துச்சாக்கும்" என்றாள் ஐவி.

அக்டோபரில் புது மாணவர்கள் வந்தார்கள். கதை அவர்களுக்கும் தெரிந்திருந்தது. மூடிய தரைக்கதவின் மேல் ஏறி நின்று குதித்தார்கள்.

"வில்ஃப், விழப் போறேன்! சீக்கிரம் கத்து!"

அன்றோடு வில்ஃப் பேசுவதை நிறுத்தினார். சாகும்வரை ஒரு சொல் இல்லை. விளக்கிச் சொல்லிச் சலித்துப்போன ஐவி, வருகிறவர்களிடம் அவருக்குக் காதும் போய்விட்டது என்று சொல்லிவைத்தாள். அப்புறம் எல்லோரும் அவர் முன்னாலேயே அவரைப் பற்றிச் சத்தமாகப் பேசத் தொடங்கினார்கள்.