என் வாயை நிறுத்திய வலி

பிரசவ வலி என்றால் ட்ரிப் பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவது என்றுதான் நான்கு வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். மூத்தவள் அப்படித்தான் பிறந்தாள். பனிக்குட நீர் (வயிற்றில் குழந்தையைச் சூழ்ந்திருக்கும் நீர்) குறைந்துவிட்டது என்று ஸ்கேனில் தெரிந்ததும், அன்றே அட்மிட் செய்து ஆக்சிடோசின் (கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்து) ஏற்றினார்கள். சிறிது நேரத்தில் வலி வந்தது. வந்தது விடவேயில்லை. மூச்சு வாங்கக்கூட இடைவெளி இருந்ததாக நினைவில்லை.

அது தேவையான வைத்தியம். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனாலும் இரண்டாவது பிள்ளைக்கு வலி தானாக வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஒரு முறையாவது என் உடம்பு தானே தொடங்கி தானே முடிக்கட்டுமே என்ற ஆசை.

டாக்டர் மறுக்கவில்லை. "நீர் நல்லா இருக்கு, தலை கீழ இறங்கியிருக்கு. காத்திருக்கலாம். ஆனா திங்கட்கிழமை வரைக்கும்தான். அதுக்குள்ள வரலைன்னா அட்மிட் ஆகி வலி வர வைக்கணும்."

"வந்துடும் டாக்டர்."

"உங்ககிட்ட கேட்டுட்டா வரும்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ரெண்டாவது பிரசவம் சீக்கிரம் ஆயிடும். வலி வர்றப்போ பேச முடியுதான்னு பாருங்க. பேச்சு நின்னா உடனே கிளம்பிடணும். நீர் உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைஞ்சாலோ வலிக்காகக் காத்திருக்கவே கூடாது."

நான் தலையாட்டினேன். வீடு வந்ததும் அந்தப் பேச்சு விஷயத்தைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

நாங்கள் இருப்பது ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். என் கணவர் போனைத் தொழிற்சாலை கேட்டிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவசரமென்றால் கேட்டுக்குப் போன் செய்து, அவர்கள் செக்‌ஷனுக்குச் சொல்லி, பாஸ் வாங்கி வெளியே வர வேண்டும். பத்து நாள் முன்பு அப்படி ஒரு முறை அவரை வரவழைத்தேன். அவர் வந்து சேர்வதற்குள் வலி போய்விட்டது. சூட்டு வலி (பிரசவம் போலத் தோன்றி அடங்கிவிடும் வலி). மறுநாள் முழுக்க செக்‌ஷனில் அவரை ஓட்டித் தள்ளிவிட்டார்களாம். எனக்கு மானம் போயிற்று. இனி நிச்சயமாகத் தெரியாமல் கேட்டுக்குப் போன் செய்வதில்லை என்று முடிவெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, மூத்தவள் பள்ளிக்குப் போன பிறகு, இடுப்பில் ஏதோ இறுக்கியது. அடுப்படியில் தொங்கிய தேதிக் காலண்டரில் பென்சிலால் நேரத்தை எழுதினேன். 9.10. பிறகு 9.22, 9.31, 9.38, 9.43. ஒவ்வொன்றும் வந்தது, இறுக்கியது, விட்டுவிட்டது. விட்டதும் நான் சாதாரணமாக இருந்தேன். அதனாலேயே நம்பவில்லை.

கோவில்பட்டியிலிருந்து பிரசவத்துக்காக வந்திருந்த அம்மா சீரகக் கஷாயம் வைத்தாள். "குடிட்டி. சூடுன்னா அடங்கிரும். பிள்ளை வலின்னா கூடும்." எங்கள் பக்கத்துச் சோதனை அது. குடித்தேன். அடுத்த வலி வரக் கால் மணி நேரமானது. "பாத்தியா, சூடுதான்" என்றாள் அம்மா. எனக்கு எரிச்சலாக வந்தது. இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது, இதுவும் பொய்யா? நேரம் எழுதுவதை விட்டுவிட்டேன். துணி காயப்போட்டேன். நடுவே வந்த வலிகளைக் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கழித்தேன்.

பத்தரைக்கு, முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வழக்கமாக வரும் கீரைக்காரம்மா கூடையை இறக்கினார். எனக்கும் அவருக்கும் தினம் ஒரு சண்டை உண்டு. "என்னம்மா இது, சிறுகீரை இப்படி வாடியிருக்கு? நேத்து மிஞ்சினதைக் கட்டி…" என்று ஆரம்பித்தேன். மிச்சப் பேச்சு வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "இன்னாம்மா, பேசிக்கினே இருந்தே, டக்குனு நின்னுட்டே? இத்தினி வருசமா உன் வாய் நின்னு நான் பாத்ததேயில்லையே!"

அப்போதுதான் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஐயோ என்றிருந்தது.

"சூட்டு வலிதான். கஷாயம் குடிச்சிருக்கா" என்றாள் அம்மா.

"சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல. புள்ள வந்துகினு கீது. ஊட்ட பூட்டிக்கினு கெளம்பு மொதல்ல!" என்றவர், கூடையை அப்படியே விட்டுவிட்டுத் தெருமுனைக்கு ஓடி ஆட்டோவைக் கூட்டி வந்தார்.

அம்மா கேட்டுக்குப் போன் செய்தாள். மூத்தவளை அழைத்து வரப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஏறினோம். ஆட்டோக்காரர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால், "குலுங்கும்மா, புட்ச்சிக்கோ" என்று குரல் கொடுத்தார். எனக்குக் கீழே அழுத்த ஆரம்பித்திருந்தது. முக்கவே கூடாது, ஆட்டோவில் பெற மாட்டேன் என்று வாயால் ஊதிக்கொண்டே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் பரிசோதித்ததும், "கர்ப்பப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்திருக்கு. இவ்ளோ நேரம் வீட்ல என்ன பண்ணீங்க?" என்று நர்ஸ் திட்டினார்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தானாக வரும் வலி குறைவான வலி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உச்சத்தில் இரண்டும் ஒன்றுதான். எனக்குக் கிடைத்த வித்தியாசம் இடைவெளி. அதில் தண்ணீர் குடித்தேன், மூச்சு விட்டேன், வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்த கணவரிடம், "இன்னைக்கும் ஓட்டுவாங்களா?" என்று கேட்டேன். அவர் அழுதுவிட்டார். முதல் பிரசவத்தில் முக்கு முக்கு என்று சொன்னார்கள். இந்த முறை யாரும் சொல்வதற்கு முன்பே உடம்பு முக்கியது. பன்னிரண்டே காலுக்குப் பையன் பிறந்தான்.

பிறந்ததும் உதிரப்போக்கைத் தடுக்க ஓர் ஊசி போட்டார்கள். என்னவென்று கேட்டேன். அதே ஆக்சிடோசின். எனக்குச் சிரிப்பு வந்தது. போடுங்கள் என்று தொடையைக் காட்டினேன்.

அட்மிட் ஆக வேண்டிய அதே திங்கட்கிழமை வீடு திரும்பினேன். காலண்டரில் வெள்ளிக்கிழமை அப்படியே இருந்தது. பழைய தாள்களைக் கிழிக்கப் போன அம்மாவைத் தடுத்து, பென்சில் எழுத்தைப் படித்தேன். பன்னிரண்டு நிமிடம், ஒன்பது, ஏழு, ஐந்து. உடம்பு எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறது! அம்மாவும் எட்டிப் பார்த்தாள்.

பையனுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தேன். அவன் உறிஞ்சியதும் அடிவயிறு சுருங்கி வலித்தது. கருப்பை பழைய அளவுக்குத் திரும்பும் வலி அது. இரண்டாவது பிரசவத்தில் கூடுதலாகவே இருக்கும்.

"வலிக்குதாட்டி? கஷாயம் வைக்கட்டுமா?" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறக்கவில்லை. வலி ஏறியது, நின்றது, இறங்கியது. மணி பார்க்கவில்லை. முழுதாகப் போன பிறகு, "வேணாம்மா, அதுவே போயிரும்" என்றேன்.