மூன்றாம் நம்பர் குளக்கரைக்கு ஒரு பகல் பயணம்

நாகர்கோவிலிலிருந்து விடியற்காலை கிளம்பி, திருவனந்தபுரத்தில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட முடியுமா என்று பின்னூட்டத்தில் பலர் கேட்டிருந்தீர்கள். முடியும். ஐப்பசி முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை போய்வந்தேன். போன காரணம் கோயிலும் இல்லை, கடற்கரையும் இல்லை. என் மகள் சுஜாவுக்கு அன்றைக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. அங்கே அதை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம். பல்கலைக்கழகத்தின் பெயரை இந்தப் பதிவில் தேடாதீர்கள், கிடைக்காது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நேரம். முப்பத்தோரு வருஷம் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். வண்டி கிளம்பிய நேரத்தை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வடசேரி பேருந்து நிலையத்தில் 5.10. களியக்காவிளையில் 6.25, டீ குடிக்க ஆறு நிமிடம். பாலராமபுரத்தில் பதினொரு நிமிடம் அசையாமல் நின்றோம், அது தினசரி வழிபாடு போல. திருவனந்தபுரத்துப் பேருந்து நிலையம் இருக்கிற தம்பானூர் 7.45. ஏறத்தாழ எழுபது கிலோமீட்டருக்கு இவ்வளவு நேரம். அங்கிருந்து கிழக்கேகோட்டைக்கு வெறுங்கையோடு என்றால் பன்னிரண்டு நிமிட நடை. கையில் அட்டைப்பெட்டி இருந்ததால் எனக்குப் பதினேழு ஆனது. பிறகு நகரப் பேருந்து, 22 ரூபாய், நாற்பத்தைந்து நிமிடம்.

பெட்டியில் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் உதவும். வாய்மொழித் தேர்வு நாளில் தேர்வாளருக்கும் வந்தவர்களுக்கும் டீ, பலகாரம் மாணவர் வீட்டார் பொறுப்பு. இது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் செய்யாதவர்களும் இல்லை. மூட்டுவலியால் வர முடியாத என் மனைவி இரண்டு நாள் உட்கார்ந்து முந்திரிக்கொத்து செய்து கொடுத்திருந்தாள். நான் என் புத்திக்கு ஐம்பது பேப்பர் கப்பும் ஐம்பது பேப்பர் தட்டும் வாங்கி வைத்திருந்தேன்.

கேட்டில் காவலர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஐம்பது வயதிருக்கும், தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற மனுஷர். முந்திரிக்கொத்தை மரியாதையாக ஒதுக்கிவிட்டு, கப்பையும் தட்டையும் வெளியே எடுத்து வைத்தார்.

“அண்ணாச்சி, இது உள்ளே கொண்டுபோகக் கூடாது. கிரீன் புரோட்டோகால் ஆணு.”

வளாகத்துக்குள் ஒரு தடவை குடித்துவிட்டு எறிகிற எதுவும் கூடாதாம். ஸ்டீல் டம்ளர்தான். நல்ல சட்டம். சாக்கடையெல்லாம் பிளாஸ்டிக் அடைத்துக் கிடக்கிற ஊரிலிருந்து போகிறவன், குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. கப் 50, தட்டு 50 என்று நோட்டில் எழுதி, போகும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு சீட்டும் கொடுத்தார். இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைப்பவர்கள், குளத்தை மூட மண்ணோடு வந்த டிப்பர் லாரிகளை எந்த நோட்டில் எழுதினார்களோ.

குளம் என்றேன் அல்லவா, அதைச் சொல்ல வேண்டும். சுஜாவின் ஆராய்ச்சி தும்பிகளைப் பற்றியது. ஒரு குளம் நன்றாக இருக்கிறதா, நோய்ப்பட்டுக் கிடக்கிறதா என்பதை அதில் பிறக்கிற தும்பிகளை வைத்தே சொல்லிவிடலாம் என்பாள். அவள் எடுத்துக்கொண்டது இந்த வளாகத்துக்குள்ளேயே இருந்த ஒரு குளம். எந்தக் காலத்திலோ வெட்டுக்கல் எடுத்த பள்ளம், மழைத்தண்ணீர் நின்று நின்று குளமாகிவிட்டது. கரையைச் சுற்றி நாலு இடத்தில் கம்பு நட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நம்பர் போட்டிருந்தாள். வாரத்துக்கு ஒரு நாள் ஒவ்வொரு கம்புக்கருகிலும் அரைமணி நேரம் உட்கார்ந்து எண்ணுவாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் நானும் மூன்றாம் நம்பரில், நாவல் மரத்தடியில், அவளோடு உட்கார்ந்திருக்கிறேன். பேசக் கூடாது என்று வாயில் விரல் வைத்தாள். பணிமனையிலேயே யாரும் என்னை அப்படி அடக்கியதில்லை.

அவள் ஆராய்ச்சியின் ஐந்தாவது வருஷம் கோடை விடுமுறையில் பல்கலைக்கழகம் அந்தக் குளத்தை மண் போட்டு நிரப்பிவிட்டது. வாகன நிறுத்தம் வேண்டுமாம். ஆவணத்தில் குளம் என்று ஒன்றும் இல்லையாம், பள்ளம்தானாம். மின்சாரக் கார் சார்ஜ் செய்ய நான்கு கம்பம் நட்டு, ‘பசுமைப் போக்குவரத்து’ என்று ஒரு பலகையும் வைத்துவிட்டார்கள். பலகையில் பெரிதாக ஒரு தும்பிப் படம். அது சுஜா எடுத்த படம், கீழே அவள் பெயர் இல்லை. இந்த லட்சணத்தில், இயற்கைப் பாதுகாப்பில் பல்கலைக்கழகங்களின் பங்கு என்று வருஷத்துக்கு ஒரு கருத்தரங்கும் அங்கே நடக்கிறது.

கேட்டுக்கு வந்து என்னை அழைத்துப்போன சுஜா அந்த வழியாகவே கூட்டிப்போனாள். காங்கிரீட் கல் பரப்பி, வெள்ளைக் கோடு போட்டு, சுத்தமாக இருந்தது. நாவல் மரம் மட்டும் ஓரத்தில் நின்றது. அதற்குக் கிழக்கே பன்னிரண்டு எட்டு நடந்து, ஒரு கட்டத்தைக் காலால் காட்டி, “இதுதாம்ப்பா மூணாம் நம்பர்” என்றாள். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நேரமாகிவிட்டது என்று நடையை எட்டிப் போட்டாள்.

இங்கே என் யோக்கியதையையும் சொல்லியாக வேண்டும். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில், பல்கலைக்கழகமே குளத்தை மூடியது என்று அவள் ஒரு வரி எழுதியிருந்தாள். அவளுடைய கைடு அம்மா கெட்டவர் இல்லை, பயந்தவர். ஏடு குளத்தை மூடிய அதே அலுவலகத்தின் மேசைகளைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் நிலப் பயன்பாடு மாறியதால் வாழிடம் கிடைக்கவில்லை என்று மாற்றிக்கொள் என்றிருக்கிறார். ஆடி மாதம் ஒரு மத்தியானம் சுஜா எனக்குப் போன் பண்ணி, என்ன செய்ய என்று கேட்டாள். நான் யோசிக்கக்கூட இல்லை.

“மாத்திக் கொடுத்துரு மக்கா. சான்றிதழ் கைக்கு வரட்டும், அப்புறமா பேசலாம்” என்றேன்.

சரி என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வரியைப் பற்றி என்னிடம் அவள் பேசவே இல்லை.

தேர்வு 11.00 என்று போட்டு 11.20க்குத் தொடங்கியது. வெளித் தேர்வாளர் மதுரைப் பக்கத்துக்காரர், தும்பிகளிலேயே தலை நரைத்தவர். சுஜா நாற்பது நிமிடம் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசினாள். ஆங்கிலத்தில் பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் திரையில் வந்த கரை ஒவ்வொன்றும் எனக்கு அடையாளம் தெரிந்தது. ஐந்தாம் வருஷத்துக்கான கட்டங்களில் எண்ணுக்குப் பதில் சின்னச் சின்னக் கோடுகள்தான் இருந்தன. தேர்வாளர் தன் கையிலிருந்த ஏட்டில் அதே கட்டங்களில் விரல் வைத்து, ஏன் கணக்கெடுக்கவில்லை என்று கேட்டார். வாழிடம் கிடைக்கவில்லை என்றாள், எழுதியபடியே. அவர் தலையசைத்துப் பக்கத்தைப் புரட்டினார்.

பிறகு, பார்வையாளர்கள் யாருக்காவது கேள்வி உண்டா என்றார். எனக்கு இருந்தது. தொண்டைவரை வந்துவிட்டது. அந்தக் குளம் இப்போது எங்கே ஐயா என்று தமிழிலேயே கேட்டிருக்கலாம், அவருக்குப் புரிந்திருக்கும். நாற்காலிக் கையைப் பிடித்து அரை அடி எழுந்தும்விட்டேன். கைடு அம்மா திரும்பிப் பார்த்தார். சுஜா என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டம் போய்விடுமோ என்ற பயத்தில், கால் மரத்துப்போனவன் மாதிரி நடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். 12.50க்கு முடிவு அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான்.

கேன்டீனில் இரவல் வாங்கிய ஐம்பது டம்ளர்களையும் நானே கழுவி அடுக்கிக் கொடுத்தேன். அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான். முந்திரிக்கொத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சாப்பாடு முடிந்து, தேர்வாளரை வழியனுப்ப சுஜா, கைடு அம்மா, நான் மூவரும் வாகன நிறுத்தத்துக்குப் போனபோது 3.10.

அவருடைய கறுப்புக் கார் நாவல் மரத்துக்குக் கிழக்கே நின்றிருந்தது. டிரைவர் துண்டை வீசி எதையோ விரட்டிக்கொண்டிருந்தார். தும்பிகள். ஐப்பசியில் கூட்டமாக வருமே, மலையாளத்தில் துலாத்தும்பி என்பார்கள், அது. ஒவ்வொன்றும் காரின் முன்மூடிமேல் தாழ்ந்து, வாலால் ஒரு தட்டு தட்டி, எழும்பி, மறுபடி வந்து தட்டியது. மத்தியானத்திலிருந்து இதே எளவுதான் சார் என்று டிரைவர் சலித்துக்கொண்டார்.

தேர்வாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். எனக்குத்தான் விளக்கினார்: “பளபளப்பைத் தண்ணினு நெனச்சுக்குது. முட்டை போடுது பாருங்க.” வெயிலில் கொதிக்கிற தகரத்தில் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு சாதாரணமாக சுஜாவிடம் திரும்பினார்.

“உன் குளம் இங்கேருந்து எவ்வளவு தூரம்மா?”

“தூரம் இல்ல சார். நீங்க நிக்கறதுதான் மூணாம் நம்பர்.”

அவர் காலடியைப் பார்த்தார். நாவல் மரத்தைப் பார்த்தார். காலையில் திரையில் பார்த்த அதே மரம். பலகையில் இருந்த தும்பியையும் பார்த்தார்.

“தீசிஸ்ல அப்படி இல்லையே?”

“இருந்தது சார். எடுத்துட்டேன்.”

“யார் எடுக்கச் சொன்னது?”

கைடு அம்மா தரையைப் பார்த்தார். நானும் தரையைத்தான் பார்த்தேன். நானேதான் சார் எடுத்தேன் என்றாள் சுஜா. இரண்டு பேரையும் காப்பாற்றிவிட்டாள்.

அவர் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். முடிவு சொன்னபோதே அறிக்கையில் கையெழுத்துப் போட்டாயிற்று. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மதுரைக்குப் போக வேண்டும். நல்ல வேலை, சீக்கிரம் கட்டுரையாக வெளியிடு என்று அவள் தோளில் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார். டிரைவர் ஈரத்துணியால் முன்மூடியை ஒரே இழுப்பாகத் துடைத்தார். கார் கிளம்பியது 3.25க்கு. இருந்த தும்பிகள் பக்கத்திலிருந்த கறுப்புக் காருக்குப் போயின. குளத்திலேயே கிடந்த மற்ற வகைகளெல்லாம் போய்விட்டன, இது ஊர் சுற்றுகிற வகை, அதனால்தான் கண்ணில் படுகிறது என்று சுஜா சொன்னாள்.

திரும்பும் வழி: நகரப் பேருந்து 4.30, தம்பானூர் 5.20, அங்கிருந்து 5.35, வடசேரி 8.15. போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பேப்பர் கப் வேண்டாம், டம்ளருக்குக் கேன்டீனில் முந்தின நாளே சொல்லி வையுங்கள். வாகன நிறுத்தம் இலவசம். ஐப்பசியில் கறுப்பு வண்டி கொண்டுபோனால் முட்டையை உடனே துடைத்துவிடுங்கள், வெயிலில் காய்ந்தால் பெயின்டில் கறை விழும். கேட்டில் சீட்டைக் காட்டினேன், காவலர் ஐம்பது கப்பையும் ஐம்பது தட்டையும் எண்ணித் திருப்பிக் கொடுத்தார். அந்த வளாகம் பத்திரமாகப் பாதுகாத்து நான் பார்த்தது அதை மட்டும்தான்.

இந்தப் பதிவை எழுதி முடித்ததும் சுஜாவுக்கு அனுப்பினேன். முதல் வரியிலேயே பல்கலைக்கழகத்தின் பெயரை முழுசாகப் போட்டிருந்தேன். ஆடியில் செய்ததற்கு இதாவது பரிகாரம் ஆகட்டும் என்று ஒரு நினைப்பு. அரைமணி நேரத்தில் கூப்பிட்டாள். கோபமெல்லாம் இல்லை, நிதானமாகத்தான் பேசினாள்.

“பேரை எடுத்துருங்கப்பா. சான்றிதழ் கைக்கு வரட்டும், அப்புறமா பேசலாம்.”

பெயர் மூன்று இடத்தில் இருந்தது. மூன்றையும் எடுத்துவிட்டேன்.