நம்பர் அழிந்த மண்டபமும் மேஜரும்

நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிடலாம் என்று ஒருமுறை முடிவானது. அப்போது பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் கட்டடக் கலைஞர் ஒருவரை யாரோ அழைத்து வந்தார்கள். பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் எல்லோரும் மேஜர் என்றே சொன்னார்கள். அவர் உத்திரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். மூன்றை மட்டும் மாற்றினால் போதும் என்று கூடவே நின்று மாற்றியும் கொடுத்தார். அதன் பிறகு பதினாறு வருடம் அதே கூரையின் கீழ் வகுப்பெடுத்தேன். அவருக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. ஓய்வு பெற்றதும் முதல் பயணமாக அதைச் செய்துவிடலாம் என்று பொங்கல் முடிந்த வாரம், செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

மதுரையில் காலை எட்டு இருபது ரயில். தேனிக்கு ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். ஆண்டிபட்டிக் கணவாய்க்காகவாவது ஜன்னலோரம் பிடியுங்கள். தேனியிலிருந்து சின்னமனூர் இருபத்தைந்து கிலோமீட்டர், பஸ்ஸில் ஐம்பது நிமிடம். அங்கிருந்து ஆட்டோ, இருநூறு ரூபாய்.

ஆட்டோ ஓட்டியவர் செல்வம். நாற்பது வயதிருக்கும். மேஜர் பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

“அவுக வீட்டுல இருக்க மாட்டாக சார், மண்டபத்துல இருப்பாக. ஆனா இன்னைக்கு அங்கன போகாம இருந்தா நல்லது.”

காரணத்தை வழியெல்லாம் சொன்னார். மார்க்கையன்கோட்டை தாண்டி மூன்று கிலோமீட்டரில் சாலையோரம் ஒரு கல் மண்டபம். கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் விடியற்காலையில் ஜீப்புக்குக் காத்திருப்பது அங்கேதான். சாலை அகலமாவதால் மண்டபம் போக வேண்டிய நிலை. மேஜர் அலைந்து திரிந்து அனுமதி வாங்கி, அதைப் பிரித்து நாற்பது அடி தள்ளி மறுபடி நிறுத்த ஏற்பாடு செய்திருந்தார். தூண் பன்னிரண்டு, உத்திரம் பதினேழு, கூரைப் பலகை இருபத்து நான்கு. ஐம்பத்து மூன்று கற்களையும் பிரித்து, சிவப்புப் பெயின்டில் நம்பர் போட்டு, பக்கத்துத் தென்னந்தோப்பில் அடுக்கியாகிவிட்டது. முந்தைய நாள் அவர் கிரேனுக்காகத் தேனி போன நேரத்தில், அந்தப் பெண்கள் மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் கொண்டு வந்து அத்தனை நம்பரையும் தேய்த்து அழித்துவிட்டார்கள்.

ஏன் என்று கேட்டேன். இந்தப் பள்ளத்தாக்கில் ஏலக்காய் மூட்டைக்கு நம்பர் விழுந்தால் அது ஏலத்துக்குப் போகிறது என்று பொருள். மலைக்கு மேலே ஏதோ ஒரு விடுதிக்கு மண்டபத்தை விற்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. நம்பர் இல்லாவிட்டால் விற்க முடியாதல்லவா?

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. கிரேன் சும்மா நின்றது. அன்றும் மறுநாளும்தான் அதற்கு இங்கே வேலை, பிறகு காற்றாலைப் பக்கம் போய்விடும். எழுபத்தேழு வயது மேஜர் பிளாஸ்டிக் நாற்காலியில் வரைபடத்தை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தார். படத்தில் நம்பர் இருந்தது, கல்லில் இல்லை. தூண்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் மண்ணுக்குள் இறங்கும் அடிப்பாகத்தின் நீளம் இரண்டு விரல், மூன்று விரல் வித்தியாசப்படும், அதற்கேற்றபடியே குழிகளும் வெட்டியாகிவிட்டன என்றார். இடம் மாறினால் உத்திரம் சமமாக உட்காராது. கூரை ஏறாது. பன்னிரண்டையும் அளந்து குழியோடு பொருத்திப் பார்க்கக் கிரேன் இருக்கும் இரண்டு நாள் போதாது.

நன்றி சொல்லும் நேரமாக அது தெரியவில்லை. அந்தப் பெண்கள்மேல் உங்களுக்குக் கோபம் இல்லையா என்று மட்டும் கேட்டேன்.

“கோவப்பட எனக்கு யோக்கியதை இல்ல சார்,” என்றார். “எழுபத்தொண்ணு போர்ல ஒரு பழைய கல் பாலத்துக்கு வெடி வச்சேன். உத்தரவு. அங்கன இருந்த சனங்க எதுக்குன்னு கேட்டாக. நான் பதில் சொல்லல. மூணு நிமிசத்துல போயிருச்சு. அதுக்கப்புறந்தான் கட்டடம் படிச்சேன், இத்தன வருசமா பழசக் காப்பாத்திக்கிட்டுத் திரியுறேன். ஆனா இங்கனயும் அதத்தான பண்ணிருக்கேன். நம்பர் எதுக்குன்னு ஒருத்தருக்கும் சொல்லல.”

நாலு மணிக்கு ஜீப் வந்தது. இறங்கிய பெண்கள் தூரத்திலேயே நின்றார்கள். அவர்களில் மூத்தவரான வேலம்மாள் மட்டும் நேரே வந்தார்.

“சொல்லாமக் கொள்ளாம நம்பரப் போட்டா நாங்க என்னன்னு நெனப்போம்? எங்க ஊர்ல நம்பர் விழுந்த எதுவும் திரும்பி வந்ததில்லய்யா.”

மேஜர் எழுந்து கைகூப்பினார். “தப்பு என்னுது ஆத்தா.” பிறகு வரைபடத்தைக் காட்டி, எது எங்கே போகும் என்று விளக்கினார். வேலம்மாள் படத்தைப் பார்க்கவில்லை. அடுக்குக்குப் போய் ஒரு தூணைத் தடவினார்.

“இதக் கேட்டா சொல்லிட்டுப் போறோம். இது என் தூணு. கெழக்க மூணாவது.”

தலை சாய்த்துச் சாய்த்து ஏறிய எண்ணெய்ப் பளபளப்பு, மண்ணெண்ணெய்க்கும் போகாமல் அதில் இருந்தது. இன்னொருத்தி வெற்றிலைச் சுண்ணாம்பை விரலால் தேய்த்துத் தேய்த்து வெள்ளையேறிய தூணைக் காட்டினாள். மற்றவர்களும் வந்து ஆளுக்கொரு தூணை அடையாளம் சொன்னார்கள். பெயர் எழுத மறந்த விடைத்தாளைக் கையெழுத்தைப் பார்த்து இன்னார் என்று சொல்வோமே, அதேதான். கூரைப் பலகைகளுக்குச் செல்வம் முன்வந்தார். மத்தியானம் சவாரி இல்லாத நேரமெல்லாம் அங்கே மல்லாந்து படுத்தவர். மீன் செதுக்கிய பலகை எது, விரிசல் விட்டது எது என்று மனப்பாடமாகச் சொன்னார்.

ஆறு மணிக்குள் ஒன்பது தூண்கள் நின்றன. மேஜர் ஒவ்வொன்றிலும் மட்டம் பார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. மூன்றுதானே மீதி, அவற்றையும் உத்திரங்களையும் அளந்தே கண்டுபிடித்துவிடலாம் என்றார். பிறகு வரைபடத்தில் நம்பர்களுக்குப் பக்கத்தில் அவரவர் பெயரை எழுதினார்.

“இனி ஏலம் போட்டா எங்களையும் சேத்துல்ல போடணும்,” என்றார் வேலம்மாள். மேஜர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கிளம்பும்போது நன்றியைச் சொன்னேன். என்னை அவருக்கு நினைவில்லை. எந்தப் பள்ளிக்கூடம் என்று மட்டும் கேட்டுவிட்டு, “மாத்தாம விட்டேனே, அந்த நாலாவது உத்திரம், இப்ப எப்படி இருக்கு?” என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கும்தான்.

போக நினைப்பவர்களுக்கு: தேனியில் தங்கினால் ஒரே நாளில் போய்வரலாம். மண்டபத்துக்குப் பக்கத்தில் கடை கிடையாது, தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். கூரையும் ஏறிவிட்டதாகச் செல்வம் போனில் சொன்னார். விடியற்காலையில் போகிறவர்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள், கிழக்குப் பக்கம் மூன்றாவது தூணில் மட்டும் சாய வேண்டாம். ஜீப் வரும்வரை அதற்கு ஆள் உண்டு.