சீசாவில் மஞ்சள் தண்ணீர்

எழுபதுகளில் முடக்குவாதத்துக்குத் தங்க உப்பு கலந்த மருந்தை ஊசியாகப் போடுவார்கள். திருவள்ளூரில் எனக்கும் வாரா வாரம் போட்டார்கள். மூட்டைக் காப்பாற்றும் அந்த ஊசி சிறுநீரகத்தைக் கெடுத்தாலும் கெடுக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் முதலில் சிறுநீரைக் காய்ச்சிப் பார்ப்பார்கள். வெள்ளையாகத் திரிந்தால் ஊசி கிடையாது.

காலையில் எனக்கு முட்டி மடங்காது, நடக்க முடியாது. விடியற்காலைச் சிறுநீரைச் சீசாவில் பிடித்துக் கொடுப்பேன். கோயிலுக்குப் போகிற வழியில் அதை டாக்டரிடம் சேர்ப்பது பெருமாள் கோயில் அர்ச்சகரான என் கணவர் வேலை. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாங்குவார். பிற்பகலில் நான் போய் ஊசி போட்டுக்கொள்வேன்.

ஒருநாள் என் கால் வீங்கியிருந்ததைப் பார்த்த கம்பவுண்டர், சிறுநீரகக் கோளாறோ என்று சந்தேகப்பட்டு அங்கேயே சிறுநீர் வாங்கிக் காய்ச்சினார். திரிந்த பால் மாதிரி ஆயிற்று. காலையில் வந்த சீசாவை எடுத்து முகர்ந்தார்.

"இன்னாம்மா இது? மஞ்சத்தண்ணிய கலக்கி அனுப்பிக்கினு இருக்கீங்க!"

ஊசியை அன்றே நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கணவரைக் கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசவில்லை.

"பெருமாளுக்குக் கைங்கர்யம் பண்ற கையால அந்தக் கண்றாவியைத் தூக்கிண்டு போகணுமா? கொல்லையில கொட்டிட்டு மஞ்சள் ஜலம் ரொப்பிண்டு போனேன். மஞ்சள் சுத்தம்தானே?"

சுத்தமாம்! என் கால் வாரக்கணக்கில் வீங்கியதை அவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்!

சன்னதியில் அவர் தீர்த்தம் கொடுக்க வரும்போது எல்லோரும் கையை நீட்டுவார்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் நான் நீட்டியதில்லை. அந்தக் கையால் எனக்கு வேண்டாம்.