இல்லாத எருமையும் சுமைதாங்கிக் கல்லும்

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம். ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த சமயம். நான் தென்காசியில் ஓர் அரிசி மண்டியில் லாரி டிரைவராக இருந்தேன். காலையில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேலகரம் வழியாகப் போய்க் குற்றாலம் கடைத்தெருவில் இறக்கிவிட்டு வருவதுதான் வேலை.

அப்போது எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சீசனுக்கு வந்து மேலகரத்தில் வீடு பிடித்துத் தங்கியிருக்கும் பெரிய மனிதர்கள், உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, இடுப்பில் ஒரு துண்டோடு அருவிக்கு நடந்து போவார்கள். பக்கத்தில் போனதும் ஹாரனை ஒரு முழ நீளத்துக்கு அமுக்குவேன். அவர்கள் எம்பிக் குதிப்பதைப் பார்க்காவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

அன்று ஒரு தொந்திக்காரர் அகப்பட்டார். ஹாரனை அமுக்கினேன். அவர் குதித்த குதியில் துண்டு ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் போனார்கள். தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனேன். சாலை வளைந்தது. நான் வளையவில்லை. படாரென்று ஒரு சத்தம். மூட்டைகள் முதுகில் வந்து முட்டின.

இறங்கிப் பார்த்தால், பம்பர் வில்லாக வளைந்து கிடந்தது. ஒரு விளக்கு நொறுங்கி, மட்கார்டு சுருங்கிப் போயிருந்தது. மோதியது சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லில். நட்டிருந்த இரண்டு கல்லும் சாய்ந்து, மேலே கிடந்த பலகைக் கல் ஓடைக்குள் விழுந்திருந்தது.

சுமைதாங்கி எதற்காக வைப்பார்கள் என்று தெரிந்தவர்களுக்கு நான் செய்த பாவம் புரியும். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் பாரம் இறங்கட்டும் என்று, தலைச்சுமைக்காரர்கள் ஆள் துணையில்லாமல் சுமையை இறக்கி வைக்கும் உயரத்துக்கு அந்தக் கல்லை நிறுத்துவார்கள். இந்தக் கல்லும் எவளோ ஒருத்தியின் பேரால் நின்ற கல்தான். அவள் பாரத்தை அவள் தலையிலேயே மறுபடி ஏற்றி வைத்துவிட்டு, நான் அக்கம்பக்கம் பார்த்தேன். சாரல் புகையாக இறங்கிக்கொண்டிருந்தது. தொந்திக்காரர்கூட இல்லை. லாரியைப் பின்னால் எடுத்தேன், கிளம்பிவிட்டேன்.

முதலாளி எதில் மோதினாய் என்று கேட்டார். ஹாரன் விளையாட்டு தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். வீட்டில் ஐந்து வயிறு இருந்தது. வாயில் வந்தது, "எருமை மாடு முதலாளி." எருமை சாட்சி சொல்ல வராது பாருங்கள். அவரும் அப்படியே இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

கம்பெனி ஆள் மதுரையிலிருந்து வந்து பார்த்த பிறகுதான் ரிப்பேர். அசல் பம்பர் மதராஸிலிருந்து வர வேண்டும். அதுவரை சீசன் காத்திருக்குமா? முதலாளி கொல்லரிடம் சொல்லித் தற்காலிகமாக ஒன்று செய்யச் சொன்னார். கொல்லர் ஒரு ரைஸ் மில்லில் கழித்துப் போட்ட குழாயை வாங்கி, அளவுக்கு அறுத்து, லாரியின் முகத்தில் குறுக்கே முடுக்கினார்.

"மெட்ராஸ் பம்பர் இதுக்குக் கால் அமுக்கணும் அண்ணாச்சி. இனி எருமை என்ன, யானையே வரட்டும்!" என்றார். எருமை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மறுநாள் காலை அந்தக் குழாயோடு கிளம்பினேன். மேலகரம் வீடுகள் தாண்டி வயல்வெளி திறந்ததும் மலைக்காற்று வந்து லாரியை அறைந்தது. அப்போதுதான் கேட்டது. ஊ... ஊ... என்று ஒரு முனகல். பல்லைக் கடித்துக்கொண்டு வலி பொறுக்கும் பெண்ணின் குரல். லாரியை நிறுத்தினேன், முனகலும் நின்றது. நகர்த்தினேன், முனகியது. வேகம் கூடக் கூட முனகல் அழுகையானது.

வளைவில் திரும்பினேன். சாய்ந்த கற்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

தலையில் விறகுக்கட்டு. இரண்டு கையும் கட்டைப் பிடித்திருந்தன. முகம் சாரலில் தெரியவில்லை. சுமையோடு இருப்பவள் நடக்க வேண்டும் அல்லவா? அவள் நடக்கவில்லை. லாரி போகப் போக அவள் தலை மட்டும் மெதுவாக என் பக்கம் திரும்பியது. கால் தரையில் பாவுகிறதா என்று பார்க்க நினைத்தேன். புல் மறைத்தது. குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது, இறக்க வேண்டிய கடையைத் தாண்டி அருவிக் கரைக்கே லாரியைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

அதன் பிறகு லாரியில் எலுமிச்சம்பழம், வேப்பிலை, மூன்று கோயில் கயிறு. தேருக்குக்கூட அவ்வளவு ஜோடனை இருக்காது. இருந்தும் இரண்டு நாள் கழித்து அதே முனகல், அதே வளைவு, அதே பெண். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினேன். டிரைவர்கள் யாரும் என்னைப் பின்பற்ற வேண்டாம்.

எட்டாம் நாள் இன்ஷ்யூரன்ஸ்காரர் வந்தார். ஒல்லியான மனிதர்; கையில் குடை, பையில் பேனாக் கத்தி. கழற்றிப் போட்டிருந்த பழைய பம்பரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நெளிவுக்குள் கத்தியால் சுரண்டினார். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. உள்ளங்கையில் ஏந்தி என்னிடம் காட்டினார்.

"உங்க ஊர் எருமைக்கு உடம்பெல்லாம் கருங்கல்லாப்பா?"

நான் சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன்.

"அது நின்ன இடத்தைப் பார்க்கணும், வண்டியை எடு" என்று முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். வேலை போவது நிச்சயம். உயிரும் சேர்ந்து போகுமா என்பதுதான் பாக்கி.

மேலகரம் தாண்டியதும் குழாய் தொடங்கியது. ஊ... அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். இவருக்குக் கேட்கவில்லை, எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வளைவு வந்தது. சாரலுக்குள் விறகுக்கட்டு முதலில் தெரிந்தது, அப்புறம் அவள். ஆனால் இன்றைக்கு நிற்கவில்லை. சாலையின் நடுவில் வந்து, லாரியைப் பார்த்து நடந்தாள். "யய்யா..." என்று கூப்பிட்டாள்.

பிரேக்கை என் கால் தானாக அமுக்கியது. அதே கால் தானாக வெளியே குதித்தது. கம்பெனி ஆளை லாரியோடு அவளுக்குப் படையல் போட்டுவிட்டு, நான் தென்காசியைப் பார்த்து ஓடினேன். செருப்பு ஒன்று சாலையில், ஒன்று வாய்க்காலில். கடைசியில் நாற்று நட்ட வயலில் முழங்கால் வரை புதைந்து நின்றேன். திரும்பிப் பார்த்தேன்.

அந்த ஒல்லி மனிதர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பேயின் தலையிலிருந்த விறகுக்கட்டை ஒரு பக்கம் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார். பேய் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டது:

"ஏன் அண்ணாச்சி இப்படித் தலைதெறிக்க ஓடுதிய? கட்டை இறக்க ஒரு கை பிடிங்கன்னு தானே கூப்பிட்டேன்!"

சேறும் சகதியுமாகக் கரையேறி வந்தேன். கால் நன்றாகத் தரையில் பாவியிருந்தது. வெடிப்பு விழுந்த, நாற்பது வயதுக் கால்.

"எந்த மூதேவியோ இந்தக் கல்லை இடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். மலையிலேர்ந்து தென்காசி வரைக்கும் தலையை ஆத்திக்கிட எனக்கு இது ஒண்ணுதான். இறக்கினா ஏத்திவிட ஆளில்லை, இறக்காட்டி கழுத்து ஒடியுது" என்றாள்.

இன்ஷ்யூரன்ஸ்காரர் என்னைப் பார்த்தார். "அந்த எருமை எந்தப் பக்கமா வந்துச்சுன்னு இந்த அம்மாகிட்டயே சொல்லேன்."

முதலாளியின் மீசை, வீட்டு அடுப்பு எல்லாம் கண்முன் வந்து போயின. அவள் கழுத்து நரம்பு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"எருமை நான்தான் தாயி" என்றேன்.

ஹாரன், தொந்திக்காரர், துண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டினாள். மேலகரத்துப் பெண்கள் திட்டினால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். திட்டின் நடுவே அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் அந்த இடைவெளியில் நுழைந்து, "முன்னாடி ரெண்டு நாளும் நீங்க நின்னதைப் பார்த்துட்டே நிக்காமப் போயிட்டேன், அதையும் மன்னிக்கணும்" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது.

"ரெண்டு நாளா? நான் பத்து நாளா காய்ச்சல்ல பாயை விட்டு எந்திரிக்கலையே அண்ணாச்சி. இன்னைக்குத்தான் மலைக்குப் போனேன். இந்தப் பாதையில விறகு கொண்டு போறதும் நான் ஒருத்திதான்."

மூவரும் ஓடையில் கிடந்த பலகைக் கல்லைப் பார்த்தோம். வேறு யாராவது வழிப்போக்குப் பெண்ணாக இருக்கும் என்றார் இன்ஷ்யூரன்ஸ்காரர். நான் உடனே ஒப்புக்கொண்டேன். அந்த லாரியைத் திரும்ப ஓட்டிப்போக வேண்டியவன் நான் அல்லவா?

அவரே லாரியைச் சுற்றி வந்து, குழாயின் திறந்த வாயில் விரலை விட்டுப் பார்த்து, "காத்து புகுந்து ஊதுதுப்பா, அதான் வழியெல்லாம் சத்தம்" என்றார். அப்படியானால் அவருக்கும் கேட்டிருக்கிறது! இரண்டு பக்கமும் தேங்காய் நாரைத் திணித்து அடைத்தோம். அழுகை நின்றது.

எருமையோ கல்லோ, மோதியது மோதியதுதான், பொய் எழுதினால்தான் ரிப்பேர்ப் பணம் கிடைக்காது என்று அவர் முதலாளியிடம் சொல்லி, காகிதத்தைத் திருத்தி எழுதவைத்தார். முதலாளி என் வேலையை எடுக்கவில்லை; ஸ்டியரிங்கை எடுத்தார். ஒரு மாதம் மண்டியில் மூட்டை சுமந்தேன். இறக்கிவிட ஆள் வராமல் தலையில் மூட்டையோடு நிற்கும் ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பதை அப்போதுதான் அளந்து பார்த்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமையே நாலு ஆளும் கடப்பாரையும் கொண்டுபோய்க் கல்லை நிமிர்த்திவிட்டேன். முதல் சுமையை அந்த விறகுக்காரிதான் அதில் வைத்தாள்.

அசல் பம்பர் வந்தது, ஸ்டியரிங்கும் திரும்பக் கிடைத்தது. அந்த வளைவில் பிறகு நான் யாரையும் பார்க்கவில்லை. முன்பு நின்றவள் யார் என்பதும் இன்றுவரை தெரியாது. ஆனால் சாலையோரத்தில் யாராவது தலைச்சுமையோடு நின்றால், கால் தரையில் பாவுகிறதா என்று இப்போதெல்லாம் நான் பார்ப்பதில்லை; லாரியை நிறுத்தி, ஒரு பக்கம் கை கொடுத்துவிட்டுத்தான் போகிறேன்.