நாலு திருகு, நாலு சிவப்புப் பொட்டு

மோட்டார் கம்பெனியில் அவருக்குக் காந்தக்காரர் என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக நிரந்தரக் காந்த மோட்டார்களை வடிவமைத்தவர். மோட்டாரின் சுழல்தண்டை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாலே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். திருகை முடுக்கியதும் அதன் தலையில் சிவப்பு பெயின்டால் ஒரு பொட்டு வைப்பார். பின்னால் தளர்ந்தால் காட்டிக்கொடுக்கும் என்பார். கம்பெனியில் வேறு யாரும் அந்த மெனக்கேட்டில் இறங்கியதில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு இருந்த ஒரே நோய், மனைவியின் தங்கை புருஷன்.

அந்தச் சகலையை வேலைக்குச் சேர்த்துவிட்டவரே இவர்தான். சேர்ந்த நாலாம் வருடமே, சக்கர நாற்காலி மோட்டாருக்கு இவரோடு போட்டியாக வரைபடம் போட்டான். எந்த மோட்டார் தேறுகிறதோ அதைச் செய்தவரே தலைமை வடிவமைப்பாளர் என்று முதலாளி சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி துணி மடித்தபடியே, "தங்கச்சி வீட்டுக்காரர் மோட்டார் சத்தமே போடாதாமே? உங்களுது மட்டும் ஏன் உறுமுது?" என்று கேட்டாள்.

சோதனை நாளன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். காந்தக்காரரின் வயிறு வேறு விதமாக எரிந்துகொண்டிருந்தது. தொழிலறிவை வளர்த்துக்கொள்ளும் உயர்ந்த நோக்கத்தோடு சகலையின் மோட்டாரைக் கழற்றி, உள்ளே சுழலும் ஆர்மேச்சரை உருவினார். கம்பி சுற்றும் பள்ளங்களை நேராக வெட்டாமல் சற்றே சாய்த்து வெட்டியிருந்தான். அதனால்தான் குலுங்காமல் சுற்றுகிறது. தமக்கும் தெரிந்த சங்கதிதான். வேலை அதிகம் என்று தாம் விட்டுவிட்டது. தெரியாத ஒன்றை அவன் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பார்.

திரும்பப் பூட்டிய பிறகுதான் தலையில் இடி விழுந்தது. சகலை போட்டிருந்தது அல்னிகோ காந்தம். இரும்பு வளையம் மாட்டாமல் ஆர்மேச்சரை உருவினால் அதன் பலம் பாதி போய்விடும். காலமெல்லாம் அந்தத் தொல்லையில்லாத ஃபெரைட் காந்தத்தோடு குடித்தனம் நடத்தியவருக்கு அது மறந்து தொலைத்தது.

சோதனையில் முதலில் சுமையில்லாமல் ஓட்டினார்கள். காந்தம் தளர்ந்த மோட்டார் வெறுமனே ஓடும்போது முன்னைவிட வேகமாகத்தான் ஓடும். சகலையின் மோட்டார் பறந்தது; முதலாளி கை தட்டினார். தாம் கெடுத்து வைத்ததற்கு அவனுக்குக் கைதட்டா? காந்தக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"சுமைய ஏத்துங்க. அப்பத் தெரியும்."

ஏற்றினார்கள். மோட்டார் முனகி, சூடேறி, நின்றது.

சகலை குனிந்து பார்த்தான். நாலு திருகிலும் சிவப்புப் பொட்டு, ஈரம்கூடக் காயவில்லை. காந்தக்காரருக்கும் அப்போதுதான் அவை கண்ணில் பட்டன. பழகிய கை தன்பாட்டுக்கு வைத்துவிட்டிருந்தது.

சகலை கட்டைவிரலால் பொட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தான். தவறு தன்னுடையதுதான், காந்தமேற்றி எடுத்துவர ஒரு மணி நேரம் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டான். காந்தக்காரரைக் கடக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, அடுத்த வாட்டி வளையத்த மாட்டிட்டுக் கழட்டுங்க. என் மேசை டிராயர்லதான் இருக்கு."

காந்தமேற்றி வந்த மோட்டார் சுமையையும் சத்தமில்லாமல் இழுத்தது; சாயங்காலத்துக்குள் அவன் தலைமை வடிவமைப்பாளர் ஆனான். காந்தக்காரரும் கை குலுக்கினார். வீட்டுக்கு வந்தால் மனைவி, "உங்களாலதான் ஜெயிச்சேன்னு தங்கச்சிகிட்ட சொன்னாராமே?" என்றாள்.

பதவி போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுத்துத் தொலைத்திருக்கக் கூடாதா, படுபாவி. பெருந்தன்மையிலும் அல்லவா முந்திக்கொண்டான்!