நாக்கு நிறம் பார்த்த புரட்டாசி

என் மகளுக்கு மிட்டாய் கொடுத்துக் கெடுப்பது பள்ளி வேன் ஓட்டும் ஆன்டிதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளை, சாதுவானவள். புரட்டாசி பிறந்து வீடே சைவமாக இருந்த அந்த நாள்களில்தான் ஆளே மாறினாள். வந்ததும் பையை வீசுவாள், தம்பியைக் கிள்ளுவாள். சீனியும் கலர் தண்ணியும் பிள்ளைகளை இப்படி ஆட்டிவைக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். வீட்டிலிருந்த ரோஸ் சிரப் பாட்டிலைக்கூடத் தூக்கிப் போட்டாயிற்று. அப்புறமும் அடங்கவில்லை என்றால், வெளியே யாரோ கொடுக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

தினமும் வாசலிலேயே நிறுத்தி, "நாக்க நீட்டு" என்பேன். சிவப்பும் இருக்காது, ஆரஞ்சும் இருக்காது. வாய் கொப்பளித்துவிட்டு வருகிறாளோ என்று அதற்கும் ஒரு சந்தேகம். நான் கட்டிக்கொடுக்கும் இட்லி டப்பா மட்டும் ஒழுங்காகக் காலியாகி வரும். அந்த மட்டும் நிம்மதி.

ஒரு நாள் வேன் ஆன்டி இறங்கியே வந்துவிட்டார்.

"ஒங்க பிள்ள இன்னிக்கும் ஒருத்தன அடிச்சிட்டா. இன்னொரு தடவ அடிச்சா நான் ஏத்த மாட்டேன் லா."

"நீங்க அவளுக்கு என்னா கொடுக்கிறீங்க?"

"ஐயோ, நான் ஒன்னும் கொடுக்கல! கேண்டின்ல போய்ப் பாருங்க."

பழியை எப்படித் தள்ளிவிடுகிறார் பாருங்கள்! ஆனாலும் வேனைப் பகைத்துக்கொள்ள முடியாது. பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலையில் விடியற்காலைச் சமையல் வேலை எனக்கு, மதியத்தோடு வீடு. வேன் இல்லையென்றால் வேலையை விட வேண்டியதுதான். மறுநாள் லீவு போட்டேன். ஆசிரியரைப் பார்க்கும் சாக்கில், ஓய்வு நேரத்தில் கேண்டின் ஓரமாகப் போய் நின்றேன்.

எல்லா இனப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளி அது. மேசை முழுக்கக் கோழி, நெத்திலி சம்பல். மகள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய், இட்லியைக் குப்பைத் தொட்டியில் கொட்டினாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அடிப்பாவி! ஏன்டி கொட்டற?"

மிரண்டு போனாள். "மேச பூரா கோழிம்மா. கவிச்சி பட்டா விரதம் போயிரும்னு நீங்கதான சொன்னீங்க."

"அதுக்காக தெனமும் பட்டினியா கெடக்கிற?"

தலையாட்டினாள். "சாமிகிட்ட ஒன்னு கேட்டிருக்கேன்மா."

"அப்படி என்னாடி கேட்ட?"

"எனக்குக் கோவமே வரக்கூடாதுன்னு."